மகளைச் சாதாரண தரப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். யாரிடம், எப்படிக் கேட்பது?

மண்டூர் தந்தை எழுதுகிறார்:

வணக்கம். போரதீவுப்பற்றில், மண்டூர்ப் பக்கம் இருந்து எழுதுகிறேன். வயல் செய்கிறேன். முழு விபரமும் தெரிந்தால்தான் நீங்கள் வழி சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மகளுக்குப் பதினைந்து வயது. தரம் பத்தில் படிக்கிறாள். பிறந்தவுடன் மூச்சு எடுக்கத் தாமதமானது. பிறகு பெருமூளை வாதம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். கால்கள் இரண்டும் இறுகியிருக்கும். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பாள், வெளியே சக்கர நாற்காலி. வலது கையால் பேனா பிடிப்பாள், ஆனால் அவள் ஒரு பக்கம் எழுதுவதற்குள் மற்றப் பிள்ளைகள் மூன்று பக்கம் முடித்துவிடுவார்கள். பேச்சு இழுத்து வரும். வீட்டில் எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். புதியவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். படிப்பில் எந்தக் குறையும் இல்லை. வரலாற்றுப் பாடத்தில் எந்த மன்னன் எந்தக் குளத்தைக் கட்டினான் என்று கேட்டால் என் தம்பியின் மகன் யோசிக்கும் முன்பே இவள் சொல்லிவிடுவாள். தவணைப் பரீட்சையில் எழுதி முடித்த வினாக்களுக்கு நல்ல புள்ளி வருகிறது. எழுதாமல் விட்ட வினாக்களால்தான் மொத்தப் புள்ளி விழுகிறது.

போன தவணை முடிவில் தாயை அழைத்து, “அடுத்த வருடம் சாதாரண தரத்துக்கு இவளை விண்ணப்பிக்க விடாமல் இருப்பது நல்லது. பிள்ளையைக் கஷ்டப்படுத்தாதீர்கள். பிறகு ஆறுதலாகத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டும்” என்று சொல்லியிருக்கிறார்கள். பாடசாலையின் பெயரைக் கேட்க வேண்டாம். அங்கே நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. “நான் எழுதினால் பாடசாலையின் பெறுபேறு குறையும் என்று சொல்கிறார்களா அப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பாடசாலை மலசலகூடத்துக்கு இரண்டு படி ஏற வேண்டும். கதவும் ஒடுக்கம், நாற்காலி நுழையாது. அதனால் அவள் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டு மணிக்கு வீடு வந்துதான் குடிப்பாள். பங்குனி, சித்திரை வெயிலில் உதடு வெடித்துப்போய் வருவாள். இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்குக் கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்தோம். காத்திருப்புப் பட்டியலில் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

பரீட்சையில் இவளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்குமா? யார் தர வேண்டும்? மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து இயங்குகிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சாய்ந்தமருது தாய் எழுதுகிறார்:

அண்ணன், உங்கள் மகளை எழுத விடுங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்குத் தசைகள் வலுவிழக்கும் நோய். தரம் ஏழுக்குப் பிறகு நடக்கவில்லை. கையைத் தூக்க முடியாது. அவன் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதிக் கொடுத்துத்தான் சாதாரண தரம் எழுதினான், சித்தியும் அடைந்தான். தனி அறை கொடுத்தார்கள், கூடுதல் நேரமும் கொடுத்தார்கள். பரீட்சைத் திணைக்களத்தில் இதற்கு ஒழுங்கு இருக்கிறது. நாம் கேட்டுப் பெற வேண்டும், அதுவும் விண்ணப்பம் போகும்போதே கேட்க வேண்டும்.

ஒன்றே ஒன்றை நீங்கள் இப்போதே தொடங்குங்கள். வாயால் சொல்லி எழுதுவிப்பது தானாக வந்துவிடாது. வரலாறு சொல்லலாம், சமயம் சொல்லலாம். கணிதம் சொல்லிப் பாருங்கள். “இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று முழுவதும் வர்க்கம்” என்று சொன்னால் எழுதுபவர் அடைப்புக்குறி போடுவாரா, மூன்றுக்கு மட்டும் வர்க்கம் போடுவாரா? என் மகன் “அடைப்புத் திற, அடைப்பு மூடு, மேலே இரண்டு” என்று சொல்லப் பழகினான். பின்னம் என்றால் “மேலே, கோடு, கீழே”. அவனும் அவன் ராத்தாவும் (அக்காவும்) ஒவ்வொரு இரவும் மேசையில் இருந்து கடந்தகால வினாத்தாள் செய்தார்கள். ராத்தாவுக்கு விடை தெரிந்தாலும் அவன் சொன்னதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று வாப்பா சட்டம் போட்டிருந்தார். பிழையாகச் சொன்னால் பிழையாகவே எழுத வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. பரீட்சை மண்டபத்தில் அந்தச் சண்டைதான் அவனுக்குக் கைகொடுத்தது.

உங்கள் மகளின் பேச்சு புதியவர்களுக்கு விளங்க நேரம் எடுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வீட்டில் நீங்களும் தாயும் மட்டும் எழுதிப் பழகினால் போதாது. அயல்வீட்டு அக்காவை, டியூஷன் மிஸ்ஸை, யாராவது வெளியாளை இருத்தி எழுத வையுங்கள். ஒரு சொல் விளங்கவில்லை என்றால் எழுத்து எழுத்தாகச் சொல்லும் பழக்கமும் வேண்டும்.


ஆரையம்பதி ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதுகிறார்:

தம்பி, உங்கள் மகள் தண்ணீர் குடிக்காமல் பாடசாலையில் இருக்கிறாள் என்ற வரியை வாசித்துவிட்டு என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. நான் விசேட கல்வி அலகில் படிப்பித்தவள். இப்படித் தண்ணீரை அடக்கிக்கொண்டு இருந்த பெண்பிள்ளைகளை அறிவேன். சிறுநீர்த் தொற்று வந்து வாரக்கணக்கில் வராமல் போவார்கள். இடாப்பில் “ஒழுங்கீனமான வரவு” என்று விழும். முதலில் பிள்ளையைக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வைத்தியரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். அவர் அதைக் குறிப்பில் எழுதினால் அதுவே ஒரு ஆவணம்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன்.

விசேட தேவையுள்ள பரீட்சார்த்திக்கு மேலதிக நேரம், சொல்வதை எழுதித் தருபவர், தனி அறை, பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள், விழிப்புலனற்றவர்களுக்குப் பிரெய்ல் என்று பரீட்சைத் திணைக்களம் ஒழுங்கு செய்து தருகிறது. பாடசாலைப் பரீட்சார்த்தியின் கோரிக்கை அதிபர் ஊடாகத்தான் போக வேண்டும். வைத்திய அறிக்கை அவசியம். அந்த அறிக்கையைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். “இப்பிள்ளைக்குப் பெருமூளை வாதம் உண்டு” என்று ஒரு வரி எழுதிய துண்டைக் கொண்டுபோனால், அதனால் எழுத முடியாது என்று யாருக்கு விளங்கும்? நன்றாக எழுதும் பெருமூளை வாதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வைத்திய நிபுணரிடம் போகும்போது மகளின் எழுத்தைக் கொண்டு போங்கள். மணிக்கூட்டை வைத்து ஒரே பந்தியை அவளும் வகுப்பிலுள்ள இன்னொரு பிள்ளையும் எழுதிய இரண்டு தாள்கள் போதும். எழுதத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கை எப்படி இறுகுகிறது என்பதையும் அவர் பார்க்கட்டும். கை இறுக்கம் காரணமாக வேகமாக எழுத முடியாது, பேச்சு மெதுவானது, ஆகவே இன்னின்ன உதவி தேவை என்று அறிக்கையில் வர வேண்டும். தொழில்வழிச் சிகிச்சையாளரைக் காண முடிந்தால் அவருடைய குறிப்பும் நல்லது.

அடுத்த தவணைப் பரீட்சையிலேயே மேலதிக நேரம் கேளுங்கள். இதை நான் எத்தனை பெற்றோரிடம் மன்றாடிச் சொல்லியிருக்கிறேன்! பொதுப் பரீட்சைக்கு மட்டும் கேட்பார்கள், அதுவரை பிள்ளை அரைகுறையாக எழுதிய தாள்களில் குறைந்த புள்ளியோடு கிடப்பாள், பிறகு அந்தப் புள்ளியைக் காட்டியே “இவளால் முடியாது” என்பார்கள். உங்கள் விடயத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. தவணைப் பரீட்சையில் நேரம் கொடுப்பதற்குக் கொழும்பிலிருந்து கடிதம் வரத் தேவையில்லை. அதிபரும் பாட ஆசிரியரும் மனம் வைத்தால் போதும். நேரம் கொடுத்துப் பெற்ற புள்ளியும் கொடுக்காமல் பெற்ற புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது யாரும் வாதாட வேண்டி வராது.

பல்தேர்வு விடைத்தாளையும் மறக்க வேண்டாம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் புள்ளடி போடுவது, கை நடுங்கும் பிள்ளைக்குக் கட்டுரை எழுதுவதைவிடக் கடினம். ஒரு வரிசை தவறினால் கீழே உள்ள எல்லாம் தவறும். கணிதத்தில் கவராயம் பிடித்துச் செய்யும் அமைப்பு வினாவும் அப்படித்தான். எந்த இடத்தில் என்ன உதவி வேண்டும் என்று பாடம் பாடமாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மகளே எழுதுவிக்கட்டும். அவளுக்குத்தான் தெரியும்.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பிறகு எழுதலாம் என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டாயக் கல்வி வயது 2016 இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பே பிள்ளையை ஒதுங்கச் சொல்ல ஒருவருக்கும் அதிகாரமில்லை. பாடசாலையை விட்டு வந்த பிறகு செய்முறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை, தோழிகளும் இல்லை. வீட்டில் இருந்து தனியே படித்து எழுதுவது சுகமான பிள்ளைக்கே பாரம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பது. அதன் 23 ஆம் பிரிவு, அங்கவீனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலோ வேலைக்கு எடுப்பதிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மற்றவர்கள் புழங்கும் கட்டடத்தில் இவர்கள் புழங்குவதைத் தடுக்கவும் கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 24 ஆம் பிரிவில் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. அதன் 24 ஆம் உறுப்புரை முழுவதும் கல்வி பற்றியதுதான். நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கடிதத்தில் சட்டத்தின் இலக்கம் இருந்தால் அது இரக்கம் கேட்கும் கடிதமாக வாசிக்கப்படாது.

கடிதம் என்று சொன்னேன். வாய்ப்பேச்சை நிறுத்துங்கள் தம்பி. அவர்கள் வாயால் சொன்னார்கள், நீங்கள் வாயால் கேட்டீர்கள். நாளைக்கு “நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை” என்றால் உங்களிடம் என்ன இருக்கிறது? அதிபருக்கு எழுதுங்கள். பிரதியைப் பட்டிருப்பு வலயக் கல்விப் பணிப்பாளருக்கும், அங்கே விசேட கல்விக்குப் பொறுப்பாக உள்ள உதவிக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் போடுங்கள்.

கொடுப்பனவு பற்றி: 2025 ஏப்ரல் முதல் மாதம் 10,000 ரூபா என்று உயர்த்தினார்கள், அதற்கு முன் 7,500. காத்திருப்புப் பட்டியல் என்று சொல்லப்பட்டால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. வெல்லாவெளிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரை நேரில் கண்டு, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இழுபட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. செயலகத்தில் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தருகிறோமா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். வயல்காரனுக்கும் அந்த உரிமை உண்டு, பட்டதாரிக்கும் அதே உரிமைதான். அதே உத்தியோகத்தரிடம் சக்கர நாற்காலி பற்றியும், வீட்டு மலசலகூடத்தைப் பிள்ளைக்குப் பொருத்தமாக்கும் உதவி பற்றியும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் உதவிகள் பிரதேச செயலகம் வழியாகத்தான் வருகின்றன.


திருக்கோவில் வாசகர் எழுதுகிறார்:

நான் பதினெட்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். டீச்சர் சொன்னவற்றோடு எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

மலசலகூட விடயத்தில் உங்களுக்கு வலுவான பிடி இருக்கிறது அண்ணன். பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கதாக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன. அவற்றை யாரும் கணக்கில் எடுக்காமல் இருந்தபோது கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இரசாயனவியலாளராகவும் கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர்; 1992 இல் அவருடைய காரின் மீது வீதியோர மரம் விழுந்து நடக்க முடியாமல் போனவர். 2011 ஏப்ரல் 27 இல் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு நம்மைப் போன்ற எல்லோருக்குமானது. மட்டக்களப்பில் ஒரு வங்கிக்குள் யாரும் தூக்காமல் நான் முதன்முதலாக உருண்டு போன நாளில் அவரைத்தான் நினைத்தேன். அவர் 2020 இல் காலமானார். நேரில் கண்டதில்லை.

பாடசாலையிடம் “வசதி செய்து தாருங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் “நிதி இல்லை” என்று பொதுவாகப் பதில் வரும். அளந்து கொடுங்கள். படி எவ்வளவு உயரம், கதவு எத்தனை அங்குலம், மகளின் நாற்காலி எத்தனை அங்குலம் என்று நீங்களே நாடாவால் அளந்து ஒரு படம் வரையுங்கள். சாய்தளத்துக்கு வழக்கமான கணக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டு படி சேர்ந்து ஓரடி என்றால் பன்னிரண்டு அடிச் சாய்தளம் வேண்டும். மேசன்மார் இடத்தை மிச்சம்பிடிக்க நாலடியில் செங்குத்தாகக் கட்டிவிடுவார்கள். அதில் ஏறவும் முடியாது, இறங்கினால் முகம் குப்புற விழ வேண்டும். உள்ளே கைபிடிக்கக் கம்பி, நாற்காலி திரும்ப இடம், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இவ்வளவையும் எழுதிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வையுங்கள். ஊரில் மேசன் வேலை தெரிந்த தகப்பன்மார் இருப்பார்கள். மணலும் கல்லும் ஒருவர், சீமெந்து ஒருவர் என்று பொறுப்பெடுத்தால் விடுமுறைக்குள் முடியும் வேலை அது. அதற்கு அதிபரின் எழுத்துமூல அனுமதியை முதலில் வாங்குங்கள்.

நாற்காலி கிடைத்தால் அளவு பார்த்து வாங்குங்கள். வைத்தியசாலை விறாந்தையில் உருளும் பெரிய ஆட்களின் நாற்காலியில் பிள்ளையை இருத்தினால் முதுகு வளையும். நம்முடைய மணல் ஒழுங்கைகளில் முன் சக்கரம் சிறிதாக இருந்தால் புதைந்து நிற்கும். பெரிய, அகலமான முன் சக்கரம் உள்ளதாகக் கேளுங்கள். குறுமண்வெளித் துறையில், வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏற்றும்போது பிள்ளையை இறக்காமல் நாற்காலியோடு ஏற்றுகிறீர்களா? பிரேக் இரண்டும் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சாதாரண தரம் ஏன் முக்கியம் என்பதை என் வாழ்க்கையிலிருந்து சொல்கிறேன். அரச வேலை வெற்றிடங்களில் மூன்று வீதம் நமக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988 இல் வந்த 27/88 பொது நிர்வாகச் சுற்றறிக்கை இருக்கிறது. அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு நான் பல கதவுகளைத் தட்டினேன். ஆனால் எந்தக் கதவிலும் முதலில் கேட்டது சாதாரண தரச் சான்றிதழை. அது இல்லாதவனுக்கு மூன்று வீதம் இருந்தும் பயனில்லை. உயர்தரம் முடித்தால் பல்கலைக்கழக அனுமதியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு விசேட ஏற்பாடு உண்டு. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் நம் பிள்ளைகள் போகலாம். இப்போதே அந்த வாசலை யாரும் அடைக்க விடாதீர்கள்.


மண்டூர் தந்தை எழுதுகிறார்:

மூன்று பேருக்கும் நன்றி. சாய்ந்தமருதுத் தங்கச்சி சொன்ன “அடைப்புத் திற, அடைப்பு மூடு” என்பதை நேற்று இரவு மகளுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே கொப்பியைக் கொண்டுவரச் சொன்னாள். அவள் சொல்ல, தாய் எழுதினா. பத்துக் கணக்கு. பிறகு “அம்மாவுக்கு வர்க்கமூலம் போட வராது, வேறு ஆள் வேண்டும்” என்றாள்.

திருக்கோவில் தம்பி, பாதையில் நாற்காலியோடுதான் ஏற்றுகிறோம். ஒரு பக்கப் பிரேக் இழுபடாது. நாளைக்கே செய்விக்கிறேன். கதவையும் அளந்து எழுதுகிறேன்.

டீச்சர், எனக்கு ஒரு பயம். சின்ன மகனும் அதே பாடசாலையில் தரம் ஆறில் படிக்கிறான். நான் வலயத்துக்குப் பிரதி போட்டால் அவர்கள் அதை மனதில் வைத்துப் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டால்? தாய் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறா.


ஆரையம்பதி ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதுகிறார்:

தாயின் பயம் நியாயமானது. ஊர்ப் பாடசாலை, நாளைக்குக் கோயில் திருவிழாவிலும் அதே முகங்கள். அதை நான் லேசாக எடுக்கவில்லை.

ஆகவே இரண்டு படியாகச் செய்யுங்கள். முதல் கடிதம் அதிபருக்கு மட்டும் போகட்டும். அதில் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், போன தவணை தாயிடம் சொன்னதையும் எழுத வேண்டாம். இப்படி எழுதலாம்:

“எமது மகள் அடுத்த வருடம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தங்கள் பாடசாலை ஊடாகத் தோற்றவுள்ளார். இணைக்கப்பட்டுள்ள வைத்திய அறிக்கையின்படி அவருக்கு மேலதிக நேரமும் சொல்வதை எழுதித் தரும் உதவியாளர் ஒருவரும் தேவைப்படுகின்றனர். விண்ணப்பம் அனுப்பும்போது இக்கோரிக்கையையும் பரீட்சைத் திணைக்களத்துக்கு அனுப்பிவைக்குமாறும், எதிர்வரும் தவணைப் பரீட்சையிலிருந்தே மேலதிக நேரம் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். மலசலகூட வசதி தொடர்பாக அளவுகளுடன் கூடிய குறிப்பொன்றை இணைத்துள்ளோம். இவை தொடர்பாகத் தங்களைச் சந்திக்க ஒரு நாளை அறியத்தந்தால் நன்றி உடையவர்களாவோம்.”

“தோற்றவுள்ளார்” என்று இருப்பதைக் கவனியுங்கள். அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறோம். கையெழுத்துத் தாயும் தகப்பனும் இருவரும் போட வேண்டும்.

சந்திப்புக்குத் தனியே போகாதீர்கள். பல பிரதேச செயலகப் பிரிவுகளில் மாற்றுத்திறனாளிகள் சங்கங்களும் சுயஉதவிக் குழுக்களும் இருக்கின்றன. சமூக சேவைத் திணைக்களத்தின் சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வு வேலைத்திட்டத்தில் உருவானவை பல. உங்கள் பிரிவில் யார் பொறுப்பு என்று அதே சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். பெற்றோர் சேர்ந்து இயங்குகிறார்களா என்று கேட்டீர்களே, தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர் ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்கள் என்று கண்டார்கள். போரதீவுப்பற்றிலும் உங்கள் வீடு ஒன்றுதான் என்று நான் நம்பமாட்டேன். உங்கள் பக்கத்துக் கிராமத்தில் பாடசாலைக்கே அனுப்பப்படாமல் திண்ணையில் இருக்கும் பிள்ளை இருக்கும். அந்தத் தாயையும் கூட்டிப்போங்கள். மட்டக்களப்பில் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்குத் தரிசனம் என்ற பாடசாலையும் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு வாழ்வோசை என்ற பாடசாலையும் இருக்கின்றன. அப்படிப் பிள்ளை யாராவது இருந்தால் அந்தப் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

நியாயமான காலம் பொறுத்தும் பதில் இல்லை, அல்லது “முடியாது” என்று வந்தது என்றால் இரண்டாவது கடிதம் வலயத்துக்குப் போக வேண்டும். அந்த நேரம் தயங்கக் கூடாது. “முடியாது” என்பது எழுத்தில் வந்தால் அந்தத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம், வழக்கறிஞர் தேவையில்லை. சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெரும்பாலும் இவ்வளவு தூரம் போக வேண்டி வராது. ஆனால் திகதி தவறினால் திரும்பக் கிடைக்காது என்பதால் இப்போதே சொல்கிறேன்.

சின்ன மகனைப் பற்றி: அவனுடைய வகுப்பாசிரியரிடம் தாய் வழக்கம்போலப் பேசிப் பழகட்டும். கடிதம் எழுதிய பெற்றோரின் பிள்ளையை வெளிப்படையாக ஒதுக்க எந்த ஆசிரியரும் இலகுவில் துணியமாட்டார், ஏனென்றால் அந்தக் கடிதம் பாடசாலைக் கோவையில் இருக்கும். பெற்றோர் பேசாமல் இருந்தால் பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் என்பதை நான் என் சேவைக் காலத்தில் கண்டதில்லை.


சாய்ந்தமருது தாய் எழுதுகிறார்:

அண்ணன், வர்க்கமூலம் எழுத ஆள் வேண்டும் என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை யாராவது இருப்பாள். வாரத்தில் இரண்டு பின்னேரம் வரச் சொல்லுங்கள். கணிதத்துக்கு ஒருத்தி, மொழிக்கு ஒருத்தி என்றால் மகளின் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆட்கள் இரண்டாகும். தமிழ் வினாத்தாளை வாயால் சொல்லும்போது றகர, ரகர வேறுபாட்டையும் லகர, ளகர, ழகரத்தையும் அவள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். என் மகன் “பெரிய ற”, “சின்ன ர” என்று சொன்னான். முதலில் பழைய வரலாற்று வினாத்தாள் ஒன்றோடு தொடங்குங்கள். அதில் அவளுக்கு விடை தெரியும் என்பதால் சொல்லும் முறையில் மட்டும் கவனம் வைக்கலாம். கணிதம் அடுத்த மாதம் போதும். நேரத்தையும் குறித்து வையுங்கள்: அவள் தானே எழுத எவ்வளவு நேரம், சொல்லி எழுதுவிக்க எவ்வளவு நேரம் என்று. டீச்சர் சொன்ன வைத்திய அறிக்கைக்கு அந்தக் கணக்கும் உதவும்.